அதே இஞ்ச், அதே ஓம், வாட்ஸ் கூடுதல்: ஒரு விதியின் மேல் சில ஆட்சேபணைகள்

பழைய ஸ்பீக்கர் கெட்டுப்போச்சு, என்ன செய்யலாம் என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "அதே இஞ்ச், அதே ஓம் பாத்து வாங்குங்க. வாட்ஸ் கூடுதலா இருந்தா இன்னும் நல்லது." சுருக்கமான விதி. எளிதில் மனதில் நிற்கும். இதில் மூன்றில் ஒரு பங்கு சரி. மீதி எப்படித் தப்பாகிறது என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். நானே அதை நம்பிக் கெட்டவன் என்பதால் கொஞ்சம் சூடாகவே இருக்கலாம்.

மாமா 1980களில் அமெரிக்காவிலிருந்து திரும்பியபோது ஏஆர்-3ஏ ஸ்பீக்கர் ஒரு ஜோடி கொண்டுவந்தார். அவருக்குப் பிறகு அது என் வீட்டுக்கு வந்தது. துணியைக் கழற்றிப் பார்த்தால், வூஃபரின் கோனைச் சுற்றியிருந்த ஃபோம் வளையம் தொட்டவுடன் மாவாக உதிர்ந்தது. பாலியூரித்தேன் ஃபோமின் குணம் அது. காற்றின் ஈரம் அதை மெல்ல மெல்லச் சிதைக்கும். வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் 15, 20 வருடத்தில் போய்விடும். சென்னைக் காற்றில் கேட்கவே வேண்டாம்.

ரிச்சி தெருவுக்குப் போய் விதிப்படி கேட்டேன். 12 இஞ்ச், 200 வாட்ஸ், 8 ஓம் வூஃபர் இரண்டு கிடைத்தது. பழையது 4 ஓம். "ஓம் கூடினா ஆம்ப்ளிஃபையருக்கு சேஃப்டிதானே" என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். துளை கொஞ்சம் சின்னதாக இருந்தது, அரத்தால் ராவினேன். பழைய வூஃபர்கள் இரண்டும் செய்தித்தாள் கட்டோடு காயலான் கடைக்குப் போயின. மாட்டிப் போட்டால், பெட்டிக்குள் உட்கார்ந்து யாரோ மைக்கில் அறிவிப்பு செய்கிற மாதிரி இருந்தது. குரல் தூக்கலாக இருக்கிறது, மிருதங்கத்தின் தொப்பி காணாமல் போய்விட்டது. கடைக்காரர் மேல் தப்பில்லை. நான் கேட்டதைத்தான் கொடுத்தார். கேட்ட கேள்விதான் தப்பு.

ஏன் என்று புரிய 1954க்குப் போக வேண்டும். அந்த வருடம் எட்கர் வில்ச்சர், ஹென்றி க்ளாஸ் இருவரும் மாசசூசெட்ஸில் அக்கூஸ்டிக் ரிசர்ச் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். அதுவரை நல்ல பாஸ் வேண்டுமென்றால் பீரோ மாதிரி பெட்டி வேண்டும். கோனைப் பிடித்து நடுவுக்கு இழுக்கிற வேலையை அதன் விளிம்பும் ஸ்பைடரும் செய்யும். அவை நல்ல ஸ்பிரிங் அல்ல, அதிகம் இழுத்தால் ஒரே சீராக நடந்துகொள்ளாது. வில்ச்சர் அந்த இரண்டையும் வேண்டுமென்றே தொளதொளவென்று வைத்துவிட்டு, காற்றுப் புகாத சின்னப் பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காக்கினார். காற்று சீரான ஸ்பிரிங்.

1967இல் வந்த ஏஆர்-3ஏ அந்த யோசனையின் வாரிசு. அதன் வூஃபரை வெளியே எடுத்து வைத்தால் அதன் இயல்பான அதிர்வெண் சுமார் 18 ஹெர்ட்ஸ். பெட்டிக்குள் மாட்டினால் சுமார் 43. கணக்கு போட்டால், காற்றின் ஸ்பிரிங் வூஃபரின் சொந்த ஸ்பிரிங்கைப் போல கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. அதாவது வூஃபர் பாதிதான், மீதிப் பாதி அந்த 40 லிட்டர் காற்று.

இப்போது அதே பெட்டியில் மேடைக்கான விறைப்பான வூஃபர் ஒன்றை மாட்டுவோம். உதாரணத்துக்கு, இயல்பான அதிர்வெண் 55 ஹெர்ட்ஸ், அதன் ஸ்பிரிங்குக்குச் சமமான காற்று 90 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 90ஐ 40ஆல் வகுத்து, ஒன்று கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, 55ஆல் பெருக்கினால் வருவது 99 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே சத்தம் சரிய ஆரம்பிக்கும். 43 இருந்த இடத்தில் 99. என் மிருதங்கம் அங்கேதான் தொலைந்தது.

இன்னொன்று, கிராஸ்ஓவர். ஏஆர்-3ஏயில் வூஃபர் 575 ஹெர்ட்ஸ் வாக்கில் நின்றுகொண்டு அடுத்த ஸ்பீக்கருக்கு வழிவிட வேண்டும். அந்த இடத்தை முடிவு செய்வதில் வூஃபரின் ஓமுக்கும் பங்கு உண்டு. ஒற்றைக் காயில் மட்டுமே உள்ள எளிய கிராஸ்ஓவரில் 4 ஓமை 8 ஆக்கினால் அந்த எல்லை இரட்டிப்பாகும். என் "சேஃப்டி" இப்படி வூஃபரைப் பக்கத்து வீட்டுக்குள் அனுப்பிவிட்டது. அதோடு மேடை ஸ்பீக்கர்கள் ஒரே வாட்டுக்கு அதிகமாகச் சத்தம் போடும். பெட்டியில் இருக்கிற மற்ற இரண்டும் அதற்கு ஈடுகொடுக்க முடியாது.

வாட்ஸ் கதை தனி. அது சத்தத்தின் அளவு இல்லை. காயில் எரியாமல் எவ்வளவு தாங்கும் என்பதன் அளவு, அவ்வளவுதான். செலஸ்டியன் ப்ளூ என்ற கிடார் ஸ்பீக்கர் 15 வாட்ஸ்தான் தாங்கும். அதே கம்பெனியின் விண்டேஜ் 30, 60 வாட்ஸ் தாங்கும். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டரில் அளந்தால் இரண்டுமே 100 டெசிபல்.

கிடார் வாசிக்கிற நண்பரிடம் இதையெல்லாம் புலம்பியபோது அவர் கேட்டார்: "நாங்க ஆம்ப்ல ஸ்பீக்கரை மாத்திக்கிட்டே இருக்கோமே, ஒண்ணும் குடி முழுகலையே?" நியாயமான கேள்வி. பதிலில்தான் இந்த விஷயத்தின் மறுபாதி இருக்கிறது.

கிடார் ஆம்ப்ளிஃபையரில் ட்விட்டர் கிடையாது, கிராஸ்ஓவர் கிடையாது. பல பெட்டிகளுக்கு முதுகே திறந்திருக்கும், எனவே காற்று ஸ்பிரிங் கணக்கும் பெரிதாக இல்லை. 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஸ்பீக்கர் தானாகவே செங்குத்தாகச் சரிந்து, டிஸ்டார்ஷனின் கரகரப்பை வடிகட்டுகிறது. கோன் ஒரே தகடாக அசையாமல் துண்டுதுண்டாக நெளிவது வீட்டு ஸ்பீக்கரில் குற்றம், கிடாரில் அதுதான் ருசி. 1964இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் சின்ன ஆம்ப் ஒன்றின் கோனை பிளேடால் கிழித்து 'யூ ரியலி காட் மீ' பாட்டுக்கு அந்த ஒலியைக் கொண்டுவந்தார். வீட்டு ஸ்பீக்கர் வேறொருவர் வாசித்ததை ஒப்பிக்க வேண்டிய சாட்சி. கிடார் ஸ்பீக்கர் கச்சேரியில் உட்கார்ந்திருக்கும் பக்கவாத்தியம்.

ஆக, கிடாரில் மாற்றுவது தப்பில்லை. ஆனால் விதி அங்கேயும் ஏமாற்றும். 100 டெசிபல் ஸ்பீக்கரை எடுத்துவிட்டு 97 போட்டால், 30 வாட்ஸ் ஆம்ப் 15 வாட்ஸ் ஆம்ப் மாதிரிதான் கேட்கும். அதிக வாட்ஸ் தாங்கும் காயில் பொதுவாகக் கனம் கூடியது, கோன் நெளிய ஆரம்பிக்கும் இடமும் தள்ளிப்போகலாம். ஓம் மட்டும் விதி சொல்வது சரி. வால்வு ஆம்ப் என்றால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்கு ஒத்த ஓம் வேண்டும், டிரான்சிஸ்டர் ஆம்ப் என்றால் சொன்ன அளவுக்குக் கீழே போகக் கூடாது. நான் மதித்த அந்த மூன்றில் ஒரு பங்கு இதுதான்.

எதிர்க் கட்சி ஒன்றும் உண்டு. "ஒரிஜினல் தவிர எதையும் தொடாதே" என்பவர்கள். பழைய அமெரிக்க ஸ்பீக்கர்களின் இரும்புச் சட்டத்தில் ஒரு எண் அச்சிட்டிருக்கும். முதல் மூன்று இலக்கம் கம்பெனி: 220 என்றால் ஜென்சன், 465 என்றால் ஆக்ஸ்ஃபோர்டு. பிறகு வருடம், வாரம். 1950களின் ஜென்சனில் 220632 என்றிருந்தால் 1956, 32ஆவது வாரம். சுவாரசியமான துப்பறியும் வேலை, நானும் மணிக்கணக்கில் செய்திருக்கிறேன். ஆனால் அந்த எண் இருப்பது சட்டத்தில். காயில் எரிந்து ரீகோன் செய்தால் கோன், காயில், ஸ்பைடர் எல்லாம் புதுசு. மிஞ்சுவது சட்டமும் மேக்னெட்டும்தான். எண் 1956 என்று உண்மையையே சொல்லும். கேட்கிற ஒலி போன மாதத்துடையது. எண்ணுக்குப் பணம் கொடுப்பவர்கள், ஒலியை உண்டாக்காத பாகத்துக்குத்தான் பணம் கொடுக்கிறார்கள்.

இரண்டு கட்சிக்காரர்களும் ஸ்பீக்கரைத் தனிப் பொருளாகவே பார்க்கிறார்கள். ஒருவருக்கு அது துளையை அடைக்கும் வட்டம், இன்னொருவருக்கு நாணயம். கேட்க வேண்டியது, இந்த இடத்தில் இது என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்பது. 1961இல் நெவில் தீல் என்ற ஆஸ்திரேலியரும், 1970களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஸ்மாலும் எழுதிய கட்டுரைகளுக்குப் பிறகு அந்த வேலையைச் சில எண்களாகவே எழுதிவிட முடியும். வீட்டு ஸ்பீக்கருக்கு மாற்று வாங்கும்போது இஞ்சுக்கு முன்னால் அந்த எண்களைக் கேளுங்கள்.

அதற்கும் முன்னால், பழுது பார்க்க முடியுமா என்று பாருங்கள். ஃபோம் போனால் வூஃபர் செத்துவிடவில்லை. கோன், காயில், மேக்னெட் எல்லாம் உயிரோடுதான் இருக்கும். பிறகு நண்பர் ஒருவரின் ஸ்பீக்கருக்கு நானே ஃபோம் ஒட்டினேன். பழைய பசையைச் சுரண்டி, புது வளையத்தை வைத்து, 30 ஹெர்ட்ஸ் ஒலியை மெதுவாக ஓடவிட்டு, காயில் எங்கும் உரசாத இடத்தில் கோனை நிறுத்தி ஒட்ட வேண்டும். வளையம் பழையதைப் போலவே தொளதொளவென்று இருக்க வேண்டும், விறைப்பாக இருந்தால் மேலே சொன்ன கணக்கு மறுபடி கெடும். ஒரு சாயங்கால வேலை. அன்றைக்கு எனக்கு வந்தது சந்தோஷம் மட்டும் இல்லை.

மாமாவின் பெட்டிகள் இன்னும் ஹாலில் இருக்கின்றன. ராவிய துளையோடு. அவர் கேட்ட ஒலி எப்படி இருந்தது என்று அந்தப் பெட்டிகளைப் போட்டு இனி யாருக்கும் என்னால் காட்ட முடியாது. எனவே எந்த ஸ்பீக்கரை மாற்றினாலும், கிடாரோ வீடோ, பழையதை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு, எதிலிருந்து எப்போது கழற்றியது என்று மேலே எழுதிப் பரணில் வையுங்கள். இடமில்லை என்று வீட்டில் சத்தம் போடுவார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் போட்டுவிடாதீர்கள்.