அளவறிதல் யாருக்கு?

வருவாயில் பாதி தேவைக்கு, நூற்றுக்கு முப்பது விருப்பத்துக்கு, இருபது சேமிப்புக்கு! அமெரிக்கப் பேராசிரியை எலிசபெத் வாரனும் அவர் மகளும் 2005இல் எழுதிய நூல் பரப்பிய கணக்கு இது. தமிழில் வெளிவரும் சிக்கன நூல்கள் சில, இதை அப்படியே எடுத்து நம்மிடம் நீட்டுகின்றன. நீட்டட்டும். யாருடைய உடலுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை இது என்று நாம் கேட்க வேண்டாமா?

மாதம் பிறந்ததும் சம்பளம் பெறுவோரின் சட்டை அது! பெரம்பலூர்க் கரிசலிலே மக்காச்சோளமும் பருத்தியும் பயிரிடுவோர், புரட்டாசி மழையை நம்பி விதைக்கின்றனர். தையிலோ மாசியிலோதான் பணத்தின் முகம் பார்க்கின்றனர். அரியலூர் மாவட்டத்து ஆண்டிமடம், செயங்கொண்டம் பகுதிகளின் முந்திரி உழவருக்குப் பங்குனி, சித்திரையில் வரவு. வரவு பருவத்துக்கு ஒரு முறை, செலவோ அன்றாடம். 2018இல் படைப்புழு மக்காச்சோளக் கொல்லைகளில் புகுந்தபோது, பலருக்கு அந்த ஒரு முறையும் போயிற்று. அவர்களிடம் போய், ‘விருப்பத்துக்கு முப்பது ஒதுக்கு’ என்பது அறிவுரையா, ஏளனமா?

அமெரிக்கக் கணக்குக்குப் பக்கத்திலே வள்ளுவரையும் நிறுத்தி வைக்கிறார்கள். வரவறிந்து வாழச் சொன்னாராம். சொன்னார், எங்கே சொன்னார்? இல்லறவியலில் அல்ல. பொருட்பாலில், அரசியலில், வலியறிதல் என்னும் அதிகாரத்தில்! பத்துக் குறளில் கடைசி நான்குதான் பொருளின் அளவைப் பேசுகின்றன. தொடக்கமோ, தன் வலி, மாற்றான் வலி, துணையின் வலி எல்லாவற்றையும் எடைபோடச் சொல்கிறது. அரசனுக்குச் சொன்ன பாடம் அது. (அந்த அரசர்களில் ஒருவனான இராசேந்திரனின் தலைநகர் கங்கைகொண்ட சோழபுரம் இதே அரியலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது, கோயில் நிற்கிறது, அரண்மனை அடித்தளமாய்க் கிடக்கிறது.) தன் வலியை மட்டும் குடியானவனிடம் கேட்டுவிட்டு, மாற்றான் வலியை மறைத்துவிடுவது என்ன நியாயம்? அவனுடைய மாற்றான் யார்? வட்டி!

மகளிர் குழுக் கடனைப் பாருங்கள். தவணை வாரந்தோறும் வருகிறது. விளைச்சல் வாரந்தோறும் வருவதில்லை. ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்கள் தலையில் விழுகிறது. ஆகவே ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன். மயிலிறகு ஏற்றிய வண்டியின் அச்சு முறிவதும் அதே அதிகாரத்தில் வருவதுதானே! அந்தப் பக்கத்தைப் புரட்டாமல், தேநீர்க் காசை மிச்சப்படுத்தச் சொல்கிறார்கள். அளவுமீறிய வட்டியைத் தடுக்கத் தமிழகத்தில் 2003இலேயே சட்டம் வந்தது என்ற செய்தியையாவது ஒரு வரி எழுதலாம்.

இதற்காகச் செலவைப் பற்றியே பேசக்கூடாது என்போமா? பேசவேண்டும், பெருஞ்செலவைப் பற்றி! காதணி விழாவுக்குப் பந்தல், மணவிழாவுக்கு மண்டபம், நகை, ஊர் மெச்ச விருந்து: அறுவடைப் பணம் களத்திலிருந்து வீடு சேருமுன்னே அவற்றுக்கு அடகாகிறது. உற்றார் நண்பர் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால் இந்துத் திருமணம் செல்லும் என்று 1967ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் வழி திறந்தது. புரோகிதர் வேண்டாம், நாள் பார்த்தல் வேண்டாம். அப்படியிருந்தும் அத்தகைய மணத்துக்கும் ஆயிரம் பேர் பந்தி போடுவோர் நம்மிடையே உண்டு. சிக்கன நூலார் இங்கே மட்டும் வாய் மூடுகிறார்கள். ‘குடும்ப மகிழ்ச்சி’ என்று விருப்பப் பங்கில் எழுதிவிட்டு நகர்கிறார்கள்.

அடுத்த பதிப்பிலேனும் மாதப் பட்டியலைக் கிழித்துவிட்டு, புரட்டாசியில் தொடங்கி மாசியில் முடியும் கணக்கேடு ஒன்றை அச்சிடுவார்களா? அதில் வட்டிக்குத் தனிப் பத்தி இருக்கட்டும்.