சட்டத்தின் நிழலில் மனச்சாட்சி: போல்ற்றின் நாடகமும் தோமஸ் மோரும்

அரசின் கட்டளைக்கும் தனிமனிதனது மனச்சாட்சிக்கும் இடையே எழும் முரண்பாடு நாடக இலக்கியத்துக்குப் புதியதன்று. சொபொக்கிளிசின் 'அன்ரிகனி' தொட்டு அது தொடர்ந்து வந்துள்ளது. எனினும், இம்முரண்பாட்டை ஒரு சட்டவறிஞனின் நிலையினின்று ஆராய்ந்த நாடகங்கள் மிகச் சிலவே. றொபேட் போல்ற் எழுதி 1960 இல் இலண்டனில் மேடையேறிய 'ஏ மேன் ஃபோர் ஓல் சீசன்ஸ்' (எல்லாப் பருவங்களுக்கும் உரிய மனிதன்) அச்சிலவற்றுள் முதன்மையானது. 1966 இல் அது திரைப்படமாகி ஆறு ஒஸ்கார் விருதுகளைப் பெற்றதன் பின்னர், தோமஸ் மோர் பற்றிப் பொதுவாக நிலவும் கருத்துப் பெரும்பாலும் இந்நாடகம் தந்த கருத்தாகவே அமைந்துவிட்டது. ஆகவே, அக்கருத்து எத்துணை பொருத்தமானது என வினவுதல் வெறும் வரலாற்றுச் சர்ச்சையன்று. சமயப் பற்றுடைய ஒருவன் அரசியலிலும் சட்டத்துறையிலும் எவ்வாறு ஒழுகுதல் வேண்டும் என்ற வினாவும் அதனுள் அடங்கியுள்ளது.

நாடகத்தின் வரலாற்றுப் பின்னணி சுருக்கமாகக் கூறத்தக்கது. 1529 இல் இங்கிலாந்தின் அதியுயர் சட்டப் பதவியான சான்சலர் பதவியை மோர் ஏற்றார். எட்டாம் ஹென்றி மன்னன், அரசி கதரினுடனான தன் திருமணத்தைச் செல்லாததாக்க முயன்று, இறுதியில் உரோமாபுரியுடனான தொடர்பைத் துண்டித்தான். குருகுலம் மன்னனுக்குப் பணிந்ததற்கு மறுநாள், 1532 மே 16 இல், மோர் பதவி துறந்தார். 1534 இல் அரசுரிமைச் சட்டத்தின்கீழ்க் கோரப்பட்ட சத்தியப்பிரமாணத்தைச் செய்ய மறுத்தமையால் இலண்டன் கோபுரத்தில் சிறைவைக்கப்பட்டார். 1535 யூலை 6 இல் அவரது தலை கொய்யப்பட்டது.

இவ்வரலாற்றில் போல்ற்றைக் கவர்ந்தது மோரின் மரணம் மட்டுமன்று. மரணத்தைத் தவிர்ப்பதற்கு அவர் கையாண்ட வழியுமாகும். மோர் தியாகத்தைத் தேடி ஓடியவரல்லர். சத்தியப்பிரமாணத்தை மறுத்தாரெனினும், மறுத்ததற்கான காரணத்தை அவர் வெளியிடவில்லை. மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பது பழைய சட்டமுதுமொழி. மன்னனின் பட்டத்தைச் சொல்லால் மறுப்போருக்கே மரணதண்டனை என்று புதிய சட்டம் விதித்திருக்க, சொல்லாத ஒன்றுக்காக ஒருவனைக் கொல்லுதல் எவ்வாறு? இவ்வரணைப் பிளப்பதற்கு றிச்சாட் றிச் என்பவனின் சாட்சியம் தேவைப்பட்டது. அது பொய்ச்சாட்சியம் என மோர் நீதிமன்றிலேயே கூறினார். தனிமனிதன் ஒதுங்கி நிற்பதற்குச் சட்டம் ஓர் இடத்தை விட்டுவைக்கின்றது என்பதையும், அவ்விடத்தை அரசு கைப்பற்ற முனையும்போது முதலிற் சிதைவது சட்டமே என்பதையும் நாடகத்தின் இரண்டாம் அங்கம் மிகத் திறமையாகப் புலப்படுத்துகின்றது.

இவ்வெண்ணத்துக்கு அடித்தளமாக அமைவது, மோரும் அவரது மருமகனாக வரவிருந்த றோப்பரும் உரையாடும் முதலங்கக் காட்சியாகும். தீயவனைப் பிடிப்பதற்காக நாட்டின் சட்டங்கள் அனைத்தையும் வெட்டிச் சாய்க்கத் துணிகிறான் றோப்பர். மோரோ சட்டங்களை நாடெங்கும் நடப்பட்ட மரங்களாகக் காண்கிறார். அவற்றை வெட்டிய பின் சாத்தான் திரும்பித் தாக்கினால் ஒளிவதற்கு நிழல் ஏது என்பது அவர் வினா. சாத்தானுக்கும் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. அது அவன் பொருட்டன்று, நம் பொருட்டே. சட்டத்தின் ஆட்சி பற்றிய இத்துணைச் செறிவான விளக்கம் அக்கால மேடையில் வேறெங்கும் எழுந்ததெனக் கூறுதல் அரிது.

ஆயினும், மனச்சாட்சி என்பது யாது என்ற வினாவுக்கு நாடகம் தரும் விடை அத்துணை உறுதியானதன்று. தாம் கத்தோலிக்கரல்லர் என்பதை முன்னுரையில் வெளிப்படையாகக் கூறும் போல்ற், மோரைத் தன்னிலை தவறாத தனிமனிதனாகவே காண்கிறார். நோர்போக் கோமகனுடன் உரையாடும் இடத்தில், தம் கொள்கை உண்மையா என்பதிலும் பார்க்க, அதை நம்புவது 'தாமே' என்பதற்கே நாடகத்து மோர் முதன்மை அளிக்கிறார். இது இருபதாம் நூற்றாண்டின் குரல். வரலாற்று மோரோ, தீர்ப்புக்குப் பின்னர் மௌனம் கலைத்தபோது, ஒரு நாட்டின் பாராளுமன்றத்துக்கு எதிராகக் கிறிஸ்தவ உலகம் முழுவதினதும் சங்கங்கள் தம் பக்கம் நிற்பதாக வாதிட்டார். அவரது மனச்சாட்சி தனியுடைமையன்று. அது ஒரு பெருஞ் சமுதாயத்தின் தீர்ப்போடு ஒன்றி உருவானது. போல்ற் அச்சமுதாயத்தை நீக்கித் தனிமனிதனை மட்டும் எஞ்சவிட்டார் எனலாம்.

இம்மாற்றத்தின் விளைவு, நாடகம் கூறாமல் விட்ட ஒன்றில் வெளிப்படுகின்றது. மோர் சான்சலராயிருந்த காலத்தில் திருச்சபைக் கோட்பாட்டை மறுத்த பதிதர் அறுவர் இங்கிலாந்தில் எரிக்கப்பட்டனர். மோர் அக்கொள்கையை எதிர்த்தவரல்லர். பதிதரைத் தேடிப் பிடிப்பதில் ஈடுபட்டதோடு, தம் நூல்களில் அத்தண்டனைக்கு நியாயமும் கற்பித்தார். 1516 இல் வெளிவந்த 'உற்றோப்பியா'வில் பல சமயத்தாரும் அமைதியுடன் வாழும் நாடொன்றைக் கற்பனை செய்தவரும் இவரே. நாடகத்திலோ பதிதம் என்பது, லூதரின் கருத்துகளில் மயங்கிய றோப்பருக்கு மகளைக் கொடுப்பதா என்ற குடும்பத் தகராறாக மட்டுமே இடம்பெறுகின்றது. 2009 இல் வெளிவந்த ஹிலாரி மான்ரெலின் 'வூல்ஃப் ஹோல்' நாவல் இக்குறையை மறுமுனைக்கு இழுத்து, மோரைக் கடுமனத்தவராகத் தீட்டியது. ஒன்று அவரது நிழலை மறைத்தது. மற்றொன்று ஒளியை மங்கச் செய்தது.

நாடகத்தின் மரங்களை இங்கு மீண்டும் நினைவுகூர்தல் தகும். சாத்தானுக்கே சட்ட நிழல் உண்டென்றால், லூதரைப் படித்த ஓர் ஏழை வணிகனுக்கு அந்நிழல் மறுக்கப்பட்டது ஏன்? எரித்தலும் சட்டப்படியே நிகழ்ந்தது. 1401 ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு இடமளித்தது. எனவே, சட்டத்தை மதித்தல் மட்டும் போதாது. அச்சட்டம் எவரது மனச்சாட்சிக்கு நிழல் தருகின்றது என்றும் கேட்டாக வேண்டும். 'பிழைக்கு உரிமை இல்லை' என்ற பழைய வாதத்தின்படி, உண்மையை உடையோனுக்கே சுதந்திரம் உரியது. அவ்வாதத்தை மோர் ஏற்றிருந்தார், ஹென்றியும் ஏற்றிருந்தான். உண்மை எது எனத் தீர்மானிக்கும் அதிகாரம் கைமாறியபோது, அதே வாள் மோரின் கழுத்தில் வீழ்ந்தது.

இப்பிணக்கைக் கத்தோலிக்கத் திருச்சபை கோட்பாட்டளவில் தீர்த்துக்கொண்டது நாலு நூற்றாண்டுகளுக்குப் பின்னரேயாகும். 1965 திசெம்பர் 7 இல் இரண்டாவது வத்திக்கான் சங்கம் வெளியிட்ட சமய சுதந்திரப் பிரகடனம், அவ்வுரிமையைக் கருத்தின் உண்மையில் அன்றி மனிதனின் மாண்பில் நிலைநிறுத்தியது. பொது ஒழுங்கு காக்கப்படும்வரை, உண்மையைத் தேடும் கடமையினின்று வழுவியோனுக்கும் அவ்வுரிமை நீங்காது. இதன் உருவாக்கத்திற் பெரும்பங்காற்றிய அமெரிக்க இயேசுசபைத் துறவி யோன் கோட்னி மறே, இதே பொருளில் எழுதுவதை நிறுத்துமாறு 1950களில் பணிக்கப்பட்டிருந்தவர் என்பது கவனிக்கத்தக்கது. மௌனிக்கச் செய்யப்பட்டவரின் சிந்தனையே சங்கத்தின் குரலாயிற்று.

1935 இல் புனிதராக உயர்த்தப்பட்ட மோரை, 2000 ஆம் ஆண்டிற் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அரசியலாளரின் பாதுகாவலராகப் பிரகடனம் செய்தார். அம்மதிப்புக்கு அவர் உரியவரே. ஆயின், அவர் வாழ்வு முழுவதையும் நோக்குவோர் அதில் இரு பாடங்களைக் காண்பர்: பதவியிலிருந்த மோர் பிறர் மனச்சாட்சிக்கு வழங்காத நிழலையே, சிறையிலிருந்த மோர் தமக்கெனக் கோரினார். இவ்விரண்டாம் மோரை மட்டும் மேடையேற்றிய போல்ற், நமது மதிப்பைப் பெறும் வீரனொருவனைப் படைத்தார். நம்மைக் கலங்கவைக்கும் மனிதனைத் தவறவிட்டார். தன் மனச்சாட்சிக்காக உயிர்கொடுத்தல் அரிது. அதிகாரம் கையிலிருக்கும் வேளையில், தான் வெறுக்கும் கருத்துடையோனின் மனச்சாட்சிக்காகச் சட்டத்தின் ஒரு மரத்தையேனும் நட்டுவைத்தல் அதனினும் அரிது.