மலைமேல் எது செவ்வியல்?

அயோத்தியாப்பட்டணத்திலிருந்து குப்பனூர் வழியாகவும் ஏற்காட்டுக்கு ஏறலாம். மே மாதமானால் கோடை விழாவுக்கு ஜனம் ஏறுகிறது. மலர்க் கண்காட்சி, படகு, அரசு மேடையில் கலைநிகழ்ச்சிகள். இந்த மேடையையும் ஒரு பிரதியாக வாசிக்க வேண்டியிருக்கிறது.

பரதமும் அதன் கர்நாடகப் பாட்டும் 'செவ்வியல்'. கரகமும் பறையும் 'கிராமியம்'. யார் வைத்த பேர் இது? 1946இல் திருவையாற்றில் தண்டபாணி தேசிகர் தமிழ்ப் பாட்டுப் பாடினார். மேடையே தீட்டாகிவிட்டது என்று சர்ச்சை கிளம்பியது. ஆக, 'செவ்வியல்' என்பது ராகத்தின் குணம் மட்டுமல்ல. யார், எதை, எந்த மொழியில் பாடலாம் என்று விதிக்கிற அதிகாரமும்தான்.

மலைமேல் அந்த அதிகாரத்துக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். மலை தோட்டமாச்சு, அப்புறம் கோடை வாசஸ்தலமாச்சு. மலைக்குரிய மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்தார் அல்ல) தம் மண்ணிலேயே விளிம்புக்குப் போனார்கள். இன்றைக்கும் அதே மே மாதத்தில் குகைக் கோயிலில் சேர்வராயனுக்கும் காவேரியம்மனுக்கும் அவர்கள் திருவிழா எடுக்கிறார்கள். மலையின் சொந்தக் கோடை விழா அதுதான். சுற்றுலாச் சொல்லாடலிலோ அந்தக் கோயில் 'பார்க்க வேண்டிய இடங்களில்' ஒன்று, அவ்வளவுதான்.

"அவங்களுக்கும் மேடையில அரை மணி நேரம் கொடுத்துட்டாப் போச்சு" என்பார்கள் நல்லவர்கள். கொடுக்கிற கை யாருடையது என்பதல்லவா கேள்வி? நிகழ்ச்சி நிரலை எழுதும் இடத்தில் மலைக்காரர் உட்காராதவரை, அந்த அரை மணியும் காட்சிப்பொருள்தான். பூந்தொட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு தொட்டி.