மாமல்லபுரத்துத் தவப்பாறை

மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பம் கி.பி. 7ஆம் நூற்றாண்டினதென்று அறிஞர் பலர் கொள்வர். ஏறத்தாழ 30 மீட்டர் அகலமுடைய அஃது, கருவறையுள் எழுந்தருளிய திருவுருவம் போலாது, வெட்டவெளியிற் போவார் வருவார் அனைவர்க்கும் பொதுவாய் நிற்பது. அதனை 'அருச்சுனன் தபசு' என்றல் பெருவழக்கு. 1914இல் கொலுபெவ் என்னும் அறிஞர், இது கங்கை நிலவுலகிற்கு இறங்கிய வரலாறே என்று எழுதினார். அதுமுதல், தவஞ்செய்வான் பார்த்தனோ பகீரதனோ என்னும் வழக்கு ஓய்ந்தபாடில்லை.

பார்த்தன் என்பார்க்கு, ஒற்றைக்காலில் நின்று கைகளை உச்சிமேல் உயர்த்திய தவசியும், அவன் பக்கலிற் பூதகணஞ் சூழ வரதக் கையராய் நிற்கும் சிவபெருமானும் சான்றாவர். பாசுபதம் அருளிய செய்தி தேவாரத்துட் பலவிடத்தும் போற்றப்படுதலும் அவர்க்குத் துணையே. எனினும், பெருமான் வேடனாய் வந்து விசயனொடு பொருததே அவ்வரலாற்றிற்கு உயிர். அப்போர் இங்கே காட்டப்பட்டிலது. படைக்கலம் பெற்றது போரின் பின்னராகவும், இத்தவசி என்பெழுந்த மேனியனாய் இன்னும் தவத்திலேயே நிற்கின்றான்.

பகீரதன் என்பார்க்கு வலிய சான்றாவன, பாறை நடுவண் இயற்கையாய் அமைந்த பிளவும், அதன்கண் நாகரும், மேலே நீர் தேக்கிய தொட்டியின் அடையாளமுமாம். ஆயின் ஓரிடர் உண்டு. திருச்சிராப்பள்ளிக் குன்றில் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயிலிற் பெருமான் சடைப்புரியொன்றை ஏந்திக் கங்கையை ஏற்கின்றார். அக்கோலம் பல்லவச் சிற்பியர் நன்கறிந்தது. அறிந்தும் இங்கே செதுக்கிலர். மறந்தாரென்றல் பொருந்துமோ?

ஆகலின், இரு வரலாற்றிற்கும் பொதுவாயது ஒன்றே இங்குக் காட்டப்பட்டது எனல் தகும். அஃதாவது, தவத்திற்கு இரங்கி இறைவன் வெளிப்பட்டு அருளும் நிலை. அதற்கு இயற்கையே துணையாயிற்று. பிளவைக் குறையென்று ஒதுக்காது அதனையே ஆறாக்கினான் சிற்பி. வானவரும் முனிவரும் வேடரும் இருமருங்கும் அதனை நோக்கி வருகின்றனர். கன்றுகளைக் காலிடை நிறுத்திய பெருங்களிறு ஒருபுறம். மற்றொருபால் மான் ஒன்று பின்னங்காலால் மூக்கைச் சொறிகின்றது. பெருமான் எழுந்தருளியதை அது சிறிதும் அறிந்ததன்று. ஆயினும் அக்கரையிலேயே அதற்கும் இடமுண்டு. இம்மானை வெறும் அழகென்று கடந்துபோவார் சிற்பத்திற் பாதியை இழந்தாராவர்.

யானையின் அடியிற் பூனையொன்று முன்னங்கால்களை உயர்த்தித் தவசியைப் போலவே நிற்க, எலிகள் அதனைச் சூழ்ந்துள்ளன. இதனை நகையென்று விடுதல் ஆகாது. ஒரே நிலை இருவர்க்கும் தரப்பட்டது. பெருமானோ ஒருவன் பக்கலிலேயே நிற்கின்றார். அன்பிலாத சரியை கிரியையும் யோகமும் உடம்பின் நிலையளவாய் ஒழியும் என்பதற்கு இதனினும் தெளிந்த காட்சி அரிது.

இறங்கும் ஆற்றைச் சத்திநிபாதத்தின் குறியாகக் கொள்வாரும் உளராகலாம். நினைவுக்கு இனிதேனும், சிவஞானபோதம் தோன்றுதற்கு ஏறத்தாழ 600 ஆண்டு முற்பட்ட சிற்பம் அந்நூற்பொருளை வரைந்ததென்றல் வரம்பு கடந்ததாம். பாறை தருவதையே கொள்ளல் வேண்டும். அது தருவது குறைவன்று: நடுவிடத்தை ஆற்றிற்கு விட்டு, மெலிந்த தவசியின் அருகே பெருமானை நிறுத்தியிருக்கின்றான் சிற்பி. பெயர்பற்றிப் பொருதார் இருதிறத்தாரும் தவசிக்கே பெயர் தேடினர். வழங்கும் பெயர் இரண்டனுள்ளும் அருளினார் பெயர் இல்லை.