பொன்னியின் செல்வன் – தொடர்கதையும் திரைப்படமும்: பாத்திர நீக்கமும் கதையோட்டமும்

முன்னுரை

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை கல்கி வார இதழில் தொடராக வெளிவந்தது. மணிரத்னம் இயக்கத்தில் அதன் திரைவடிவம் 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் இரு பாகங்களாக வெளியிடப்பட்டது. மூன்றரை ஆண்டுகள் வாரந்தோறும் படிக்கப்பட்ட ஐந்து பாகக் கதை, ஏறத்தாழ ஐந்தரை மணி நேரத்தில் அடங்கியது. இதனையொட்டி எழுந்த விவாதங்களில் இரு குறைகள் மீண்டும் மீண்டும் சுட்டப்பட்டன. ஒன்று, முதன்மையான சில பாத்திரங்கள் விடுபட்டுள்ளன என்பது; மற்றொன்று, கதை மிக விரைந்து செல்கிறது என்பது.

பெங்களூரில் வாழும் தமிழரிடையே இவ்விவாதத்திற்கு மேலும் ஒரு பொருள் உண்டு. அவர்களுள் ஒரு சாரார் நாவலைத் தமிழில் படித்து வளர்ந்தவர்கள். மற்றொரு சாரார் கன்னட வழியிலோ ஆங்கில வழியிலோ கல்வி பெற்று, தமிழைப் பேசவும் கேட்கவும் மட்டும் அறிந்தவர்கள். பின்னவர்க்குத் திரைப்படமே முதற்பனுவல். எனவே, நாவலைப் படிக்காதவர் படத்தை மதிப்பிடலாமா என்னும் வினா அங்குச் சுவை பற்றியதாக மட்டும் நிற்பதில்லை. ஒரு மரபில் யாருக்கெல்லாம் பங்குண்டு என்னும் வினாவாகவும் அது விரிகிறது. மேற்கூறிய இரு குறைகளும் தம்முள் எவ்வாறு தொடர்புடையன, அவற்றுள் எது ஏற்கத்தக்கது என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

செவிவழி அறிதலும் கட்புலக் காட்சியும்

ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் செல்வதோடு நாவல் தொடங்குகிறது. சோழ நாட்டிற்கு அவனும் புதியவன், வாசகரும் புதியவர். கடம்பூர் மாளிகையில் சிற்றரசர்கள் நள்ளிரவில் கூடிப் பேசுவதை அவன் மறைந்திருந்து கேட்கும்போதுதான் வாசகரும் அரசுரிமைச் சிக்கலை அறிகின்றனர். ஒட்டுக்கேட்டல், ஓலை, பாதியில் நின்றுவிடும் பேச்சு ஆகியவற்றின் வழியாகவே இந்நாவலின் மறைபொருள்கள் பெரும்பாலும் வெளிப்படுகின்றன. ஆதித்த கரிகாலனைப் பற்றிய பேச்சு முதலில் வருகிறது. அவன் பின்னரே நேரில் தோன்றுகிறான். அடுத்த இதழுக்காக வாசகரைக் காத்திருக்கச் செய்யும் தொடர்கதைக்கு இம்முறை பொருந்திவருகிறது. காலந்தாழ்த்தல் இங்கே கதைக்கட்டமைப்பின் அடிப்படையாகும்.

திரைப்படமோ இராட்டிரகூடருடன் கரிகாலன் நிகழ்த்தும் போரை முற்பகுதியிலேயே காட்டிவிடுகிறது. கேள்விப்பட்டு அறியவேண்டியவன் கண்முன் நிற்கிறான். இம்மாற்றத்தால் வந்தியத்தேவனின் பங்கு சுருங்குகிறது. நாவலில் வாசகரின் கண்ணும் செவியுமாக இயங்கியவன், படத்தில் பலருள் ஒருவனாகிறான். ‘விரைவு’ என்று பார்வையாளர் குறிப்பிடுவது நிகழ்ச்சிகளின் வேகத்தை மட்டுமன்று. அறிந்துகொள்ளும் முறையில் நேர்ந்த இம்மாற்றத்தையும் அது சுட்டுகிறது.

மணிமேகலையின் நீக்கம்

கந்தமாறனின் தங்கை மணிமேகலை படத்தில் இல்லை. வந்தியத்தேவன்மீது அவள் கொள்ளும் காதல் ஒருதலையானது. அரசுரிமைப் போட்டியை அது தீர்மானிப்பதில்லை. இதனால் அவளது நீக்கம் கதைக்கு ஊறு செய்யவில்லை என வாதிடலாம். ஆயினும் நாவல் முடிசூட்டு விழாவோடு முடியவில்லை. மணிமேகலையின் இறப்போடு முடிகிறது. அரியணையைச் சூழ்ந்த பெருமக்களின் பூசலுக்கு, அதில் எவ்வித நாட்டமும் இல்லாத ஒரு பெண் தரும் விலையைக் கல்கி இறுதியில் வைத்துள்ளார்.

1954இல் முதற்பகுதி வெளிவந்த டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலும் இத்தகைய நீக்கத்திற்கு உட்பட்டுள்ளது. வெற்றிக்குப் பின் ஊர் திரும்புவோர் அங்கு நேர்ந்த சீரழிவைக் காணும் இறுதிப்பகுதியைப் பீட்டர் ஜாக்சனின் 2003ஆம் ஆண்டுத் திரைப்படம் விலக்கியது. இவ்விரு படங்களிலும் வெற்றிக்குப் பின்வரும் துயரமே கைவிடப்பட்டது என்பது கருதத்தக்கது.

மதுராந்தகன்: ஒருவரும் இருவரும்

சேந்தன் அமுதன் படத்தில் இடம்பெற்றாலும் அவனது பிறப்பு பற்றிய மறைபொருள் அங்கு இல்லை. நாவலில் செம்பியன் மாதேவியின் உண்மை மகன் அவனே. மதுராந்தகனாக வளர்ந்தவன் வேறொருத்தியின் பிள்ளை. இறுதியில் அருள்மொழிவர்மன் முடிசூட்டுவது, அரசை நாடாத சேந்தன் அமுதனுக்கே.

இவ்வமைப்பின் தேவை வரலாற்றிலிருந்து பிறந்தது. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் பெயர்களை உடையார்குடிக் கல்வெட்டு தருகிறது. அவர்கள்மீதான நடவடிக்கை இராசராசன் ஆட்சியில்தான் பதிவாகிறது. இக்கொலையில் உத்தம சோழனுக்குத் தொடர்பிருக்கலாம் என நீலகண்ட சாஸ்திரியார் ஐயுற்றார். சதாசிவ பண்டாரத்தார் அதனை மறுத்தார். உத்தமன் அரசை விரும்பியவரை அருள்மொழி அதனை ஏற்க மனங்கொள்ளவில்லை எனத் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகிறது. ஐயத்திற்குரிய ஒருவருக்கு உத்தமமான தியாகம் செய்யப்பட்டது என்னும் இடர்ப்பாட்டைக் கல்கி, வரலாற்று மனிதர் ஒருவரை இரு பாத்திரங்களாகப் பிரித்துத் தீர்த்தார். ஆசை ஒருவனிடமும் தூய்மை மற்றவனிடமும் சென்று சேர்ந்தன.

திரைப்படம் அவ்விருவரையும் மீண்டும் ஒருவராக்குகிறது. அரியணையை விரும்பிப் போராடிய மதுராந்தகனுக்கே அருள்மொழி முடியை அளிக்கிறான். தகுதியுடையவனுக்கு விட்டுக்கொடுப்பதைக் காட்டிலும் போட்டியிட்டவனுக்கு விட்டுக்கொடுப்பது அரிது. எனவே, தியாகம் என்னும் கருத்து படத்தில் கூடுதல் கடுமை பெறுகிறது. செப்பேட்டின் கூற்றுக்கும் அது நெருங்கிவருகிறது. இதனை மூலத்திலிருந்து வழுவியதாக மட்டும் கொள்வது பொருந்தாது. இது மூலத்திற்குத் தரப்பட்ட வேறொரு விளக்கமாகும்.

ஆனால் அவ்விளக்கம் நிறைவுற, மதுராந்தகனின் மனமாற்றம் படிப்படியாக நிகழ்ந்தாக வேண்டும். பகைவனாக நின்றவன் அத்தியாகத்தைப் பெறத்தக்கவனாக மாறுவதற்கு வேண்டிய காலத்தைப் படம் தரவில்லை. பாத்திரங்களைக் குறைத்ததால் கிடைத்த நேரம் இம்மாற்றத்திற்குச் செலவிடப்படவில்லை. இவ்விடத்தில்தான் கதையோட்டம் பற்றிய குறை வலுப்பெறுகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. பாத்திர நீக்கம், கதையோட்டம் என்னும் இரண்டும் தனித்தனிக் குறைகள் அல்ல. தொடர்கதையின் காலத்தைத் திரைப்படம் கையாண்ட முறையிலிருந்தே இரண்டும் தோன்றுகின்றன. மணிமேகலையின் நீக்கம் ஓர் இழப்பு. சேந்தன் அமுதன் கதையின் நீக்கம் துணிவுடைய மறுவாசிப்பு. அம்மறுவாசிப்புக்கு உரிய கால இடம் வழங்கப்படாமையே படத்தின் உண்மையான குறைபாடு.

இக்குறைபாட்டை உணர நாவலைப் படித்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. மதுராந்தகன் ஏன் மாறினான் என்னும் ஐயம், தமிழ் எழுத்தறியாது படத்தை மட்டும் கண்ட பெங்களூர் இளைஞர்க்கும் எழும். அவ்வையம் திறனாய்வின் தொடக்கமாகும். நாவலைக் கற்றோர் அதற்கு விடையாகச் சேந்தன் அமுதனின் கதையை எடுத்துரைப்பாராயின், அவர் முன்பு வந்தியத்தேவனின் செவிவழி அறிந்ததை இளைஞர் அவரது வாய்வழி அறிவர்; நாவலும் தனக்குரிய முறையிலேயே அடுத்த தலைமுறையைச் சென்றடையும்.