சூரியன் மீது ஒரு பொய் வழக்கு

2007-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பிரிட்டனின் சானல் 4 தொலைக்காட்சி ஒரு விவரணப் படத்தை ஒளிபரப்பியது. ‘தி கிரேட் குளோபல் வார்மிங் ஸ்விண்டில்’ என்பது அதன் பெயர். ‘பூமி சூடாகிறது என்னும் மாபெரும் மோசடி’ என்று தமிழில் சொல்லலாம். எடுத்தவர் மார்ட்டின் டர்க்கின். பூமி சூடாவதற்குக் காரணம் சூரியனே. மனிதன் விடும் கரியமில வாயு அன்று என்பது படத்தின் வாதம். படம் வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆயினும் அதன் வாதங்களை இன்றும் மாணவர் வாயிலாகக் கேட்கிறோம். ஆகவே சற்று நிதானமாகப் பரிசீலிப்போம்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். படம் எழுப்பும் கேள்விகள் அசட்டுக் கேள்விகள் அல்ல. 1940-க்குப் பிறகு, ஆலைகள் பெருகிய காலத்தில், சுமார் 1975 வரை வெப்பநிலை ஏறாமல் நின்றது ஏன்? துருவப் பனிக்கட்டியைத் துளைத்து எடுத்த மாதிரிகளில், வெப்பம் முன்னே உயர, கரியமில வாயு பல நூற்றாண்டுகள் பின்தங்கி உயர்ந்ததாகத் தெரிந்தது ஏன்? நல்ல மாணவன் கேட்க வேண்டியவைதாம். கேட்டுவிட்டு, விடைக்குக் காத்திராமல் எழுந்து போவதுதான் படத்தின் குற்றம்.

அதே ஆலைகள் கந்தகப் புகையையும் கக்கின. அதன் நுண்துகள்கள் வெயிலைத் திருப்பியனுப்பும் திரையாக இருந்தன. மேலைநாடுகள் புகையைக் கட்டுப்படுத்தியதும் திரை மெலிந்தது. கரியமில வாயுவோ சேர்ந்துகொண்டே போயிற்று. பனியுகம் முடிந்த கதை வேறு. பூமியின் பாதையிலும் அச்சின் சாய்விலும் நேர்ந்த மாறுதல் சூட்டைத் தொடங்கி வைத்தது. சூடான கடல் கரியமில வாயுவை விட்டது. அவ்வாயு சூட்டை மேலும் பெருக்கிற்று. கோழி முட்டையிட்டது என்பதற்காக, முட்டையிலிருந்து கோழி வராது என்று ஆகிவிடுமா?

எரிமலைகள் மனிதனைவிட அதிகமாகக் கரியமில வாயுவை வெளியிடுகின்றன என்றும் படம் கூறியது. இது அப்பட்டமான தவறு. மனிதன் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் எரிமலைகள் விடுவதைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு விடுகின்றன. பின்னர் வந்த பதிப்பில் அவ்வாசகத்தை நீக்கிவிட்டார்கள்.

கணக்கை விடுங்கள். காற்றே சாட்சி சொல்கிறது. ஹவாய்த் தீவின் மௌனலோவா மலையில் சார்லஸ் கீலிங் 1958-இல் அளக்கத் தொடங்கியபோது, காற்றின் பத்து லட்சம் பங்கில் கரியமில வாயு சுமார் 315 பங்கு. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. கூடியது யாருடையது? செடிகொடிகள் கனமான கார்பன்-13-ஐச் சற்றே ஒதுக்கி, இலேசான கார்பன்-12-ஐ விரும்பி ஏற்பவை. பழங்கால உயிர்கள் புதைந்து உண்டான நிலக்கரியிலும் எண்ணெயிலும் அந்தக் குறைபாடு அப்படியே இருக்கிறது. காற்றிலும் கார்பன்-13-இன் விகிதம் குறைந்து வருகிறது. எரிமலை வாயுவில் இந்த அளவுக் குறைபாடு கிடையாது. மேலும், எதை எரித்தாலும் பிராணவாயு செலவாகும் அல்லவா? சார்லஸின் மகன் ரால்ஃப் கீலிங் அதையே அளந்தார். காற்றில் பிராணவாயு சிறிது சிறிதாகக் குறைகிறது. (மூச்சுத் திணறுமோ என்று அஞ்ச வேண்டாம்; குறைவது மிகச் சொற்பம்.) கடல்தான் கக்குகிறது என்றால் கடலில் கார்பன் குறைய வேண்டும். அங்கேயும் கூடித்தான் வருகிறது.

இனிச் சூரியன். 1978 முதல் செயற்கைக்கோள்கள் அதன் ஒளியாற்றலை நேரடியாக அளக்கின்றன. பதினொரு ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது. மொத்தத்தில் ஏற்றம் இல்லை. இன்னொரு சோதனையும் உண்டு. சூரியன்தான் காரணமென்றால் வாயுமண்டலத்தின் கீழடுக்கும் மேலடுக்கும் சேர்ந்து சூடாக வேண்டும். கரியமில வாயு காரணமென்றால் கீழே சூடும் மேலே குளிர்ச்சியும் ஏற்பட வேண்டும். சுகுரோ மனாபேயும் ரிச்சர்டு வெதரால்டும் 1967-இலேயே இதைக் கணக்கிட்டுச் சொன்னார்கள். மனாபேவுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. பின்னாளில் அளந்து பார்த்தால், ஸ்ட்ராட்டோஸ்பியர் என்னும் மேலடுக்கு குளிர்ந்தே வந்திருக்கிறது. ஓசோன் குறைந்ததற்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் ஓசோனைக் கழித்த பின்னும் மிச்சம் நிற்கிறது; மிக உயரே குளிர்ச்சி அதிகம் என்பதும் கரியமில வாயுவையே சுட்டுகிறது.

சூரியனைக் குற்றவாளியாக்கப் படம் காட்டிய வரைபடம் டென்மார்க்கு விஞ்ஞானி ஃபிரீஸ்-கிறிஸ்டென்சனின் ஆராய்ச்சியைத் தழுவியது. சூரியனுக்கும் தட்பவெப்பத்துக்கும் தொடர்பு தேடியவர் அவர், படத்திலும் தோன்றினார். அவரே, அதில் சுமார் நூறு ஆண்டுக் கோடு தம் தரவில் இல்லாதது, இட்டு நிரப்பப்பட்டது என்று ஆட்சேபித்தார். வெப்பநிலை வரைபடம் ஒன்றும் 1980-களிலேயே முடிந்த தரவை ‘இன்று’ வரை இழுத்துக் காட்டிற்று. சூடு மிகுந்த ஆண்டுகள் அதனால் காணாமற் போயின! இது தவறு என்று டர்க்கினே பிறகு ஒப்புக்கொண்டார்.

கடலியல் அறிஞர் கார்ல் வுன்ஷ், தம் பேச்சு திரித்துக் காட்டப்பட்டது என்று முறையிட்டார். 2008 ஜூலையில் ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காம் அவருக்கு அநீதி நேர்ந்ததை ஏற்றது. ஆனால் பார்வையாளருக்குத் தீங்கு விளையும் அளவுக்குப் படம் ஏமாற்றவில்லை என்றும் கூறிற்று. இந்தப் பின்பாதியை என்னால் ஏற்க முடியவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பள்ளி மாணவர், தேர்வுத் தாளில் அந்த எரிமலைக் கணக்கையே எழுதிவிட்டு வந்து, “படத்தில் ஒரு விஞ்ஞானியே சொன்னாரே, சார்!” என்றார்.