வி 12.4: ஏட்டில் ஏறாத பேட்டரி வண்டி

விருத்தாசலம் பாலக்கரையில் சைக்கிளில் வேலைக்குப் போகும் ஒரு பீங்கான் தொழிலாளியை, பின்னால் சத்தமே இல்லாமல் வந்த பேட்டரி ஸ்கூட்டர் இடித்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்துவிட்டது. ஆட்டோவில் ஏற்றி ஏதோ ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே விபத்துப் பதிவேட்டில், எல்லாரும் ‘ஏ.ஆர்.’ என்று சொல்லும் அந்த ஏட்டில், பல நேரம் ஏறுவது ‘ஆர்.டி.ஏ.’ என்ற மூன்றெழுத்துதான். சாலை விபத்து, அவ்வளவே. எதில் போனார், எது இடித்தது என்பதெல்லாம் அவசரப் பிரிவின் நெரிசலில் விடுபட்டுப் போகிறது.

இதே விபத்து அமெரிக்காவில் நடந்திருந்தால், அதன் கோப்பு சென்னைக்கோ கோவைக்கோ திருச்சிக்கோ வந்திருக்கலாம். நர்சிங், பார்மசி, பிசியோதெரபி படித்த நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில், அமெரிக்கக் கோப்புகளுக்குக் குறியீடு போடும் மெடிக்கல் கோடிங் வேலையில் இருக்கிறார்கள். வண்டி என்ன, ஓட்டியவரா பின்னால் உட்கார்ந்தவரா, பொதுச் சாலையிலா வெளியிலா என்று பார்த்துப் பார்த்துக் குறியீடு போடுகிறார்கள். அந்த நுட்பத்தில் ஒரு பங்காவது நம் ஊர்க் காயங்களுக்கும் கிடைக்க வேண்டும். முழுவதையும் அப்படியே கொண்டுவந்து இறக்கச் சொல்லவில்லை. அதிலும் குறைகள் நிறைய.

முதலில் அந்தக் குறியீட்டு முறையின் பலம். அதற்கு அடிப்படையான, உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பான ஐ.சி.டி. 10, 1990இல் ஏற்கப்பட்டது. அதில் காயத்துக்கு ஒரு குறியீடு, காயம் வந்த வழிக்கு இன்னொன்று. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தால் எஸ் 82. சாலை விபத்துகள் வி வரிசையில் வரும். 10 முதல் 19 வரை சைக்கிளில் போனவர், 20 முதல் 29 வரை மோட்டார் சைக்கிளில் போனவர். இரண்டாம் இலக்கம் மோதியது எது என்று சொல்லும். 1 என்றால் சைக்கிள், 2 என்றால் இரண்டு அல்லது மூன்று சக்கர மோட்டார் வாகனம், 3 என்றால் கார், 4 என்றால் லாரியோ பஸ்ஸோ. மாட்டு வண்டிக்குக்கூட 6 என்று இடம் உண்டு. புள்ளிக்குப் பின்னால் வரும் 4, ஓட்டியவர், பொதுச் சாலை என்று பொருள். ஆக நம் தொழிலாளிக்கு வி 12.4. அவரை இடித்த ஸ்கூட்டர்க்காரரும் விழுந்து அடிபட்டிருந்தால் அவருக்கு வி 21.4. ஒரே மோதலின் இரு பக்கமும் ஏட்டில் நிற்கும். ஊருக்கு ஊர், ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடலாம். எளிமையும் ஆழமும் சேர்ந்த அமைப்பு இது என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

ஆனால் 1990இல் வகுத்த கட்டத்துக்குள் இன்றைய வண்டி அடங்கவில்லை. பெட்ரோலா பேட்டரியா என்று வி வரிசை கேட்பதில்லை, தலைக்கவசத்தையும் கேட்பதில்லை. அமெரிக்க நகரங்களில் நின்றுகொண்டே ஓட்டும் வாடகை மின் ஸ்கூட்டர்கள் 2017இல் பரவத் தொடங்கின. அவற்றுக்கெனத் தனிக் குறியீடு அந்நாட்டுப் பதிப்பில் வந்தது 2020 அக்டோபரில்தான். அதற்குள் தெற்குக் கலிபோர்னியாவின் இரண்டு அவசரப் பிரிவுகளில் ஓராண்டில் அடிபட்டு வந்த 249 பேரைப் பற்றிய ஆய்வு 2019இல் வெளிவந்துவிட்டது. நோயாளிக் குறிப்புகளைத் தேடிப் படித்தே அவர்களைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. குறியீடு வந்த பிறகும், நின்று ஓட்டுபவரைப் பாதசாரி வரிசையில் வைத்தார்கள். 2022 அக்டோபரில் மின் சைக்கிளை மோட்டார் சைக்கிள் வரிசையில் சேர்த்தார்கள். அவர்கள் தெருவுக்கு அது பொருந்தலாம். நம் ஊரில் உட்கார்ந்து ஓட்டும் பேட்டரி வண்டிக்கு அந்த நின்று ஓட்டும் ஸ்கூட்டரின் குறியீட்டைப் போட்டால் கணக்கே தவறிப்போகும்.

நம் சட்டம் இன்னொரு சிக்கலைச் சேர்க்கிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, 250 வாட்டுக்குக் குறைந்த திறனும் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகமும் கொண்ட இலகுவான மின் இருசக்கர வண்டி மோட்டார் வாகனமே அல்ல. நம்பர் பிளேட் கிடையாது, லைசென்ஸ் வேண்டாம், இன்சூரன்ஸ் கட்டாயமில்லை. ஐ.சி.டி.யோ மோட்டார் பொருத்திய சைக்கிளையும் மொபெட்டையும் மோட்டார் சைக்கிள் வகுப்பில்தான் வைக்கிறது. மருத்துவக் கணக்கில் மோட்டார் வாகனம், சட்டத்தின் கண்ணில் அல்ல. நம் தொழிலாளியை இடித்தது பச்சை நம்பர் பிளேட் வண்டி என்றால் இழப்பீடு கேட்க ஒரு காப்பீட்டு நிறுவனம் இருக்கும். பிளேட் இல்லாத வண்டி என்றால் பெரும்பாலும் அப்படி ஒரு நிறுவனம் இருக்காது. அவருடைய ஆறு மாதச் சம்பளத்தைத் தீர்மானிக்கும் இந்த வேறுபாட்டுக்கு எந்தக் குறியீட்டிலும் இடமில்லை.

காயத்தின் பக்கம் மட்டும் ஏன் துல்லியமாக இருக்கிறது? பணம் அதன் வழியாகத்தான் போகிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியது. எத்தனையோ உயிர்களுக்கு அது பெரிய துணை. அதில் மருத்துவமனைக்குத் தரும் தொகை, செய்த சிகிச்சைக்குக் கிடைக்கிறது, இடித்த வண்டியின் பெயருக்கு அல்ல. அமெரிக்காவிலும் இதே கதைதான். காரணக் குறியீடு நாடு முழுவதற்கும் கட்டாயமில்லை என்று அவர்களுடைய வழிகாட்டு விதியே சொல்கிறது. குறியீட்டாளர் நோயாளியைப் பார்ப்பதில்லை. குறிப்பில் எழுதாததை அவர் போடவும் முடியாது.

இதைவிடப் பெரிய சேதம் ‘தானா விழுந்துட்டார்’ என்ற சொல்லால் வருகிறது. போலீஸ், கேஸ், அலைச்சல் என்று பயந்து உறவினர்களே அப்படிச் சொல்லிவிடுகிறார்கள். உடனே வி 12 என்பது வி 18 ஆகிறது. மோதல் இல்லாத விபத்து. இடித்த வண்டி ஏட்டிலிருந்தே மறைகிறது. பின்னால் இழப்பீடு கேட்டுப் போனால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் எடுத்துக் காட்டுவது அந்த ஏ.ஆர். நகலைத்தான்.

2022இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள், 17,884 உயிரிழப்புகள். இது காவல்துறை வழக்குகளின் கணக்கு. உயிர் போனால் பெரும்பாலும் அதில் வந்துவிடும். கால் ஒடிந்து வீட்டில் கிடப்பவர் பல நேரம் வருவதில்லை. ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின் ஸ்கூட்டர் செய்யும் மாநிலம் இது. அந்த வண்டிகள் சத்தமில்லாமல் வருவதால் சைக்கிள்காரர்கள் அதிகம் அடிபடுகிறார்களா என்ற எளிய கேள்விக்கு, ‘ஆர்.டி.ஏ.’ என்று மட்டும் எழுதிய ஏடு விடை தராது.

இரவுப் பணியில் தனியாளாக நிற்கும் மருத்துவரிடம் குறியீட்டுப் புத்தகத்தைக் கொடுப்பது அநியாயம். குறியீட்டைப் பிறகு யாரும் போட்டுக்கொள்ளலாம். ஏ.ஆர். ஏட்டில் ஒரு வரி போதும்: எதில் வந்தார், எது மோதியது, பெட்ரோலா பேட்டரியா, நம்பர் பிளேட் இருந்ததா, தலைக்கவசம் இருந்ததா. சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய விபத்துத் தரவுத்தளத்தில் காவல்துறையோடு சுகாதாரத் துறைக்கும் பங்கு உண்டு. இந்த வரியை அங்கே சேர்க்க சுகாதாரத் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும்.

அது வரும்வரை, அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு போகும் நாம்தான் சொல்ல வேண்டும். இடித்தது எந்த வண்டி என்று வாய் திறந்து சொல்லுங்கள், எழுதியதைக் கேட்டுப் படித்துப் பாருங்கள், ஏ.ஆர். நகலை வாங்கி வையுங்கள்.